தாஜா பண்றது, காக்கா புடிக்கிறது, ஐஸ் வைக்கிறது: மூணும் ஒண்ணு கெடையாது

பர்மாவுல மோல்மேன்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. அவங்க பெரியம்மா எப்பப் பார்த்தாலும் "அவரைக் கொஞ்சம் தாஜா பண்ணி வையிடா"ங்கிறாங்களாம், இந்த தாஜான்னா என்ன, தமிழ் வார்த்தைதானா, காக்கா புடிக்கிறதும் இதுவும் ஒண்ணா, பெரியவங்க முன்னாடி சொன்னா தப்பா, கூடப் படிக்கிற பர்மாக்காரப் பசங்களுக்கு இதை எப்படி சொல்லிப் புரிய வைக்கிறதுன்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேட்டுட்டாரு. நல்ல கேள்வி தம்பி, ஆனா பதில் கொஞ்சம் நீளமா போகும், டீ ஒண்ணு சொல்லிட்டு ஒக்காந்து படிங்க.

தாஜா பண்றதுன்னா கோவிச்சுக்கிட்டோ முறுக்கிக்கிட்டோ இருக்கற ஆளை இதமா பேசி, நாம ஒரு படி எறங்கிப் போயி, வழிக்குக் கொண்டு வர்றது. அவ்ளோதான். காக்கா புடிக்கிறது வேற. அதுக்கு எதிர்ல இருக்கறவரு கோவமா இருக்கணும்னே அவசியம் இல்ல, அவரு பாட்டுக்கு ஜம்முன்னு ஒக்காந்திருப்பாரு, நமக்கு அவர்கிட்ட ஒரு காரியம் ஆகணும், அதுக்காக நாமளே போயி பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கிறோம். ஒரு சின்ன சோதனை வச்சுப் பாருங்க. சாப்பிட மாட்டேன்னு அடம் புடிக்கிற மூணு வயசுக் குழந்தையைத் தாஜா பண்ணி ரெண்டு வாய் ஊட்டலாம். அந்தக் குழந்தையை யாராவது காக்கா புடிச்சாங்கன்னு சொல்லுவாங்களா? சொன்னா சிரிப்பாங்க. அதே மாதிரி பொண்டாட்டியைத் தாஜா பண்ணலாம், புருசனைத் தாஜா பண்ணலாம், பக்கத்து வீட்டுக்காரரை, சம்பந்தியை, பழைய கூட்டாளியைத் தாஜா பண்ணலாம். காக்கா புடிக்கிறதுக்கு மட்டும் எதிராளி நம்மளைவிட ஒசந்த எடத்துல இருந்தே ஆகணும். மேனேஜரு, ஆபீசரு, மொதலாளி, இப்படி.

தாஜா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா நம்மாளுங்க கல்யாண வீட்டுக்குத்தான் போகணும். இங்க ரங்கூன்ல தாம்வே பக்கம் நான் கண்ணால பார்த்த ஒரு சங்கதி. பொண்ணுக்குக் கல்யாணம், கோயில்ல முகூர்த்தம், மண்டபம் எல்லாம் ஏற்பாடு ஆயிருச்சு, ஆனா தாய்மாமன் வீட்டுக்குப் பத்திரிகையை ஒரு சின்னப் பையன் கைல குடுத்து அனுப்பிட்டாங்க, கடைல ஆள் இல்ல, வேலை தலைக்கு மேல, என்னவோ காரணம். போச்சு. "ஓஹோ, பையன் கைல பத்திரிகை வர்ற அளவுக்கு ஆயிட்டமா"ன்னு மாமா அன்னிக்கே மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டாரு, கல்யாணத்துக்கு வரப்போறதில்லன்னு ஊரெல்லாம் பேச்சு. தாய்மாமன் இல்லாம நம்ம கல்யாணம் நடக்குமா, மாலை எடுத்துக் குடுக்கறது யாரு?

பொண்ணோட அம்மா, அதாவது அந்த மாமாவோட அக்கா, சாயங்காலம் ஒரு தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, ஒரு சீப்பு பழம், தேங்கா, மேல மடிப்புக் கலையாத ஒரு புது லொங்ஜி, அதான் பர்மா லுங்கி, வச்சுக்கிட்டு நேரா தம்பி வீட்டுக்குப் போனாங்க. இவரு வான்னு கூட சொல்லல. "நீ வராம எவன்டா மாலை எடுத்துக் குடுப்பான்?"னாங்க. "அதான் ஒங்களுக்குப் பெரிய மனுசங்க நெறைய இருக்காங்களே." அந்தம்மா அதுக்குப் பதிலே சொல்லல. தாம்பாளத்தை டேபிள் மேல வச்சுட்டு உள்ள போயி தம்பி பொண்டாட்டிகிட்ட பேச்சுக் குடுத்துக்கிட்டே அவங்களே டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து, "சீனி கம்மியாதான் போட்ருக்கேன், ஒனக்கு சுகர் ஏறிப் போச்சாமே, ஒம் பொண்டாட்டி சொல்றா, ஏன்டா எங்கிட்ட சொல்லல?"ன்னு குடுத்தாங்க. மாமா கிளாசை வாங்கி ரெண்டு வாய் குடிச்சாரு. அப்பறம் தரையைப் பார்த்துக்கிட்டே கேட்டாரு, "முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

இதுதான் தாஜா. புகழ்ந்து ஒரு வார்த்தை பேசலைங்கறதை கவனிங்க. நீ பெரிய ஆளு, ஒன்ன மாதிரி உண்டான்னு ஒண்ணும் சொல்லல. பொய் இல்ல. எறங்கி வந்ததும் அந்த டீயும்தான் வேலையைச் செஞ்சுது. அதனால தாஜான்னா முகஸ்துதின்னு அகராதி மாதிரி ஒரே போடா போட்டா எனக்கு ஒத்துக்காது.

சரி, வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு. தமிழ் வேர் கெடையாது. உருது வழியா வந்த பாரசீக வார்த்தைன்னுதான் நான் நெனைக்கிறேன், அங்க அது தாஸாங்கற மாதிரி இருக்கும், அந்த ஸ நம்ம ஸ இல்ல, பல்லுக்கு நடுவுல தேனீ மாதிரி ரீங்காரம் போடற சத்தம், அர்த்தம் புதுசு, வாடாதது, இப்பத்தான் பறிச்சது. இந்தியில இன்னிக்கும் காய்கறிக்காரன் கத்துறது அதைத்தான். அந்த ரீங்கார சத்தம் தமிழ் வாய்ல நொழையாது, அதனால நம்மாளுங்க அதைப் பெரும்பாலும் ஜ ஆக்கிருவாங்க. பாஸார்னு வந்தது பஜார் ஆச்சு. ஸமீன் ஜமீன் ஆச்சு, ஸோர் ஜோர் ஆச்சு, ஸப்த் ஜப்தி ஆச்சு. தண்ணி தூக்கிட்டுப் போற கூஜா இருக்குல்ல, அதுவும் பாரசீகத்துல கூஸா. இவ்ளோ ஏன், இதே ரங்கூன்ல அடக்கமாகிக் கெடக்கற கடைசி மொகலாய ராஜா பேரை நாம எப்படி எழுதறோம்? பகதூர் ஷா ஜஃபர். 1858ல வெள்ளைக்காரன் டெல்லிலேர்ந்து இங்க நாடு கடத்திக் கொண்டாந்தான், 1862 நவம்பர்ல இங்கயே செத்துப் போனாரு, சமாதி எங்கன்னே தெரியாமப் போயி 1991லதான் திரும்பக் கண்டுபுடிச்சாங்க. உருதுல கவிதை எழுதின மனுசன், அவரு பேர்ல இருக்கற அந்த எழுத்தும் தமிழ்ல ஜ தான். தாஸா தாஜா ஆனதுல ஒலிக்கணக்குப்படி ஒரு சிக்கலும் இல்லைன்னு சொல்றதுக்காக இத்தனையும் சொல்றேன்.

சிக்கல் அர்த்தத்துலதான். புதுசுங்கற வார்த்தை எப்படி சமாதானப்படுத்தறதுங்கற அர்த்தத்துக்கு வந்துச்சு? உருதுல ஹூக்கா புகைக்கிறவங்க பழைய தண்ணியைக் கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தி வைக்கிறதை ஹூக்காவை தாஸா பண்றதும்பாங்க. வாடினதை, பழசானதை, சுருண்டதைத் திரும்ப எழுப்பி விடறது. இப்ப நம்ம மாமா மொகத்தை நெனைச்சுக்குங்க. கோவிச்சுக்கிட்டவன் மொகம் வாடிப் போச்சுன்னுதானே தமிழ்ல சொல்றோம்? வாடின மொகத்தை மறுபடி மலர வைக்கிறதுதான் தாஜா பண்றது. இது என்னோட கணிப்பு, ஆனா இது தமிழுக்கு அந்நியமான எண்ணம் இல்லைங்கறதுக்கு வள்ளுவரே கைல இருக்காரு. ஊடலைப் பத்தின குறள், 1304:

ஊடி யவரை உணராமை வாடிய
வள்ளி முதலரிந் தற்று

கோவிச்சுக்கிட்டு இருக்கறவங்களைச் சமாதானப்படுத்தாம விட்டுடறது, ஏற்கனவே வாடிக் கெடக்கற கொடியை வேரோட அறுத்துப் போடற மாதிரின்னு அர்த்தம். இங்க உணர்தல், உணர்த்துதல்னா இன்னிக்கு நாம நெனைக்கிற ஃபீலிங் இல்ல. ஊடல்ல இருக்கறவளை எறக்கிக் கொண்டு வர்றதுக்குப் பழைய தமிழ்ல இருந்த பேரே அதுதான். 1319ல தலைவன் பொலம்புவான் பாருங்க, "தன்னை உணர்த்தினும் காயும்", அவளை நான் தாஜா பண்ணப் போனாலும் கோவப்படறா, ஏன்னா இதே மாதிரிதானே மத்தவளுங்ககிட்டயும் போயி நின்னிருப்பேன்னு சந்தேகமாம்! ரெண்டாயிரம் வருசம் ஆகியும் வீட்டுக்கு வீடு இதே கதைதான். ஆக விசயம் நம்மளோடது, ரொம்பப் பழசு. வார்த்தை மட்டும் பின்னாடி ஆர்க்காட்டு நவாபு காலத்துலயோ கம்பெனிக் கச்சேரி வழியாவோ உள்ள வந்து ஒக்காந்திருக்கு, தாசில்தார், வசூல், பாக்கி, ராஜினாமா எல்லாம் வந்த அதே வண்டியில. ராஜினாமான்னதும் ஞாபகம் வருது, அதுகூட மொதல்ல வேலையை விட்டுப் போற கடுதாசி இல்ல, ராஸின்னா சம்மதம், மனசு ஒப்புனது, ரெண்டு கட்சியும் ஒத்துப் போயி எழுதிக் குடுக்கற பத்திரம்தான் அது. வழக்கு ராஜியாச்சும்போம்ல, அந்த ராஜி.

தாஜ்மகாலோட முடிச்சுப் போட்டு ஒரு கதை ஓடுது, ஷாஜகான் பொண்டாட்டிக்காகக் கட்டினதால பொண்டாட்டியை சமாதானம் பண்றது தாஜா ஆச்சாம். மும்தாஜ் செத்ததுக்கு அப்பறம் கட்டினது அது. செத்தவங்களை எங்கேர்ந்து தாஜா பண்றது? தாஜ்னா கிரீடம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது, விட்டுருங்க.

இப்ப காக்காவுக்கு வருவோம், இதுலதான் சண்டையே. எல்லாரும் சொல்ற வெளக்கம் கால் கை புடிக்கிறதுங்கறது காக்கை புடிக்கிறதாகி அப்பறம் காக்கா புடிக்கிறது ஆச்சுங்கறது. வாட்சப்ல வர்ற வார்த்தை வெளக்கத்துல பத்துல ஒம்பது குப்பை, அதனால இதையும் சும்மா தள்ளிரலாம்னு தோணும். ஆனா இது அவ்ளோ லேசுல தள்ளற மாதிரி இல்ல. நம்ம பாட்டிங்க கால் படி அரிசியை காப்படின்னுதான் சொன்னாங்க, கால் காசை காக்காசும்பாங்க. கால்ங்கறதுல இருக்கற ல், அடுத்த வல்லெழுத்தோட ஒட்டும்போது அதுலயே கரைஞ்சு போயிரும். அந்தக் கணக்குல கால்கை காக்கை ஆகறது ரொம்ப இயல்பு. காக்கைன்னு காதுல விழுந்ததும் பறவை ஞாபகம் வந்துரும், பறவையைப் பேச்சுல காக்கான்னுதானே சொல்றோம், இதையும் அப்படியே சொல்லிட்டாங்க. காக்கா வலிப்புன்னு சொல்ற நோய்க்கும் இதே கதைதான், டாக்டருங்க எழுதும்போது கால்-கை வலிப்புன்னு எழுதறாங்க.

இதுக்கு ஒரு மறுப்பு உண்டு, தமிழ்ல கை கால்னுதான் சொல்லுவோம், கால் கைன்னு சொல்லமாட்டோமேன்னு. கையைக் காலைப் புடிச்சு வேலை வாங்கினேன்னுதான் வரும், உண்மை. ஆனா காலு கையெல்லாம் ஒரே வலின்னும் அதே வாய்தான் சொல்லுது, ரெண்டு வரிசையும் புழக்கத்துல இருக்கு, அதனால இந்த மறுப்பு பெருசா நிக்காது. காக்காவுக்கு சோறு வைக்கிறதுலேர்ந்து வந்ததுன்னு இன்னொரு கட்சி. அமாவாசைக்குக் கா கான்னு கூப்புட்டு சோறு வைக்கிறோமே, யாராவது காக்காவைப் புடிச்சுப் பார்த்திருக்கீங்களா? அது வந்து சாப்பிட்டுட்டுப் போயிரும், புடிக்கிற பேச்சே அங்க இல்ல. நான் கால்-கை கட்சிதான்.

நம்ம ஊருக்கே உரிய ஒரு வெளக்கமும் உண்டு, அதையும் சொல்லிடறேன். இங்க நம்ம தமிழ் முஸ்லிம்கள் அண்ணனை காக்காம்பாங்க, காயல்பட்டணம், கீழக்கரைப் பக்கம் இருக்கற பழக்கம், கப்பலேறி இங்கயும் வந்துச்சு. அதனால யாவாரத்துல காக்காவைப் புடிச்சா காரியம் ஆகும், அதான் காக்கா புடிக்கிறதுன்னு ரங்கூன்ல கெளப்பி விட்டிருக்காங்க. கேக்க சுவாரசியமா இருக்கு. ஆனா அண்ணனை காக்கான்னு கூப்பிடற பழக்கமே இல்லாத சேலத்துலயும் கோயமுத்தூர்லயும் காக்கா புடிக்கிறாங்களே, அதுக்கு என்ன சொல்றது? பாய்மாருங்களை இதுல இழுக்க வேண்டாம்.

எது எப்படியோ, அந்த வார்த்தைக்கு நம்ம முன்னோருங்க இங்க நெறைய வேலை வச்சிருக்காங்க. கூலியாளுங்களைச் சேர்த்து வேலை வாங்கறவரு சிலோன்லயும் மலேயாவுலயும் கங்காணி, பர்மாவுல மேஸ்திரி. மேஸ்திரிங்கற வார்த்தை போர்ச்சுகீசுலேர்ந்து வந்தது, அங்க மெஸ்த்ரேன்னா வாத்தியாரு, தலைவரு. ஊர்லயே முன்பணம் குடுத்து ஆள் சேர்த்துக் கப்பல் ஏத்திக் கொண்டாந்து, ஆத்தோரத்து அரிசி மில்லுலயும் தொறைமுகத்துலயும் வேலைக்கு விடுவாரு. கூலி அவரு கை வழியாத்தான் வரும், புடிச்சது போக மிச்சம்தான் கையில. நாளைக்கு எந்த மூட்டை, யாருக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லைங்கறதெல்லாம் அவரு வாய்லதான் இருந்துச்சு. அங்க தாஜா செல்லாது, மேஸ்திரி ஒங்கமேல கோவிச்சுக்கிற அளவுக்குக் கூட ஒங்களை ஒரு மனுசனா நெனைக்கணுமே. அங்க காக்காதான்.

லேவாதேவிக் கடைல வேற மாதிரி. செட்டியாருங்க கிட்டங்கி, அதாவது அவங்க வட்டிக்கடைக் கட்டடம், வரிசையா இருந்த ரங்கூன் மொகல் தெரு, இப்ப ஷ்வேபோந்தா தெரு, அங்க தவணை கேட்டு வர்ற விவசாயிக்கும் கடையை நடத்தற மேலாளுக்கும் நடந்த பேச்சு பாதிக்கு மேல தாஜாதான் இருந்திருக்கும், ஏன்னா ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் விட முடியாது, கடன் குடுத்தவனுக்கு நெலம் வேண்டாம், காசுதான் வேணும். 1930ல உலகம் பூரா நெல்லு வெலை விழுந்ததும் அந்தப் பேச்சுக்கெல்லாம் எடம் இல்லாமப் போச்சு. கீழ்ப்பர்மாவுல முக்கியமான 13 நெல்லு மாவட்டத்துல செட்டியாருங்க கைல இருந்த நெலம் 1930ல 6 சதவீதம், 1937க்கெல்லாம் 25 சதவீதம். நெலம் போன சம்சாரிக்கு வந்த கோவத்தை எந்த தாஜாவும் தீர்க்கல, அதோட பலனை நம்ம கூலிக்காரங்களும் சேர்ந்து அனுபவிச்சாங்க. அப்பறம் 1964ல கடையெல்லாம் சர்க்காரு எடுத்துக்கிட்டாங்க, 50, 100 ச்யாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க, ஊருக்குப் போக பேப்பரு வாங்க நம்மாளுங்க ஆபீசு ஆபீசா நின்னாங்க. யாரு யாரைக் கால் கை புடிக்கணும்ங்கறது அப்படியே தலைகீழாப் போச்சு.

ஐஸ் வைக்கிறதுக்கு வர்றேன். இது சின்ன வயசு வார்த்தை, ஏன்னா நம்ம பக்கம் ஐஸே சின்ன வயசுதான். அமெரிக்காவுல போஸ்டன்காரர் ஃப்ரெடரிக் டியூடர்னு ஒருத்தர் ஏரியில உறைஞ்ச பனிக்கட்டியை வெட்டி மரத்தூள்ல பொதிச்சு 1833ல கல்கத்தாவுக்குக் கப்பல்ல அனுப்பினாரு. மெட்ராஸ் கடற்கரையில 1842ல அதுக்குன்னே கட்டின கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், பின்னாடி விவேகானந்தர் தங்கினதால இப்ப அவரு பேர்ல இருக்கு. அதுக்கப்பறம்தான் தலையில ஐஸ் வைக்கிறதுங்கற பேச்சே வந்திருக்க முடியும். ஆனா உள்ள இருக்கற எண்ணம் பழசு. கோவம்னா சூடு, சந்தோசம்னா குளிர்ச்சி, தமிழ்ல இது ஆணி அடிச்ச மாதிரி. மனசு குளிர்ந்துச்சு, உச்சி குளிர்ந்து போச்சு, வயிறு எரியுது, கோவம் ஆறட்டும், கொதிச்சுப் போயிட்டான். ஆத்தறதுங்கற ஒரே வார்த்தை டீக்கும் வருது, அழுதுக்கிட்டு இருக்கறவளுக்கும் வருது. மாரியம்மனுக்கு நாம என்ன பண்றோம், கூழு, எளநீ, மஞ்சத்தண்ணி, வேப்பிலைன்னு வரிசையா குளிர வைக்கிறோம். ஆத்தா கோவத்தைத் தணிக்கிறதுக்கு வேற வழி நமக்குத் தெரியல.

இங்கதான் பர்மாக்காரங்களும் நம்மளும் ரொம்ப கிட்ட வந்துடறோம். பர்மிய வீட்டுக்குள்ள போனா தென்கிழக்குத் தூண்ல ஒரு முழுத் தேங்காயில செவப்புத் துணி சுத்தித் தொங்க விட்டிருக்கறதைப் பார்த்திருப்பீங்க. அது மகாகிரிங்கற 'நாட்'-க்கு. 'நாட்'ங்கறது அவங்க கும்புடற ஆவி தெய்வம், 37 பேரு உண்டு, இவரு அதுல வீட்டைக் காக்கறவரு. கதைப்படி இவரு பலசாலியான கொல்லரு, ராஜா பயந்து போயி சூழ்ச்சி பண்ணி மரத்துல கட்டி உசுரோட எரிச்சுட்டான், பார்த்துக்கிட்டு இருந்த தங்கச்சியும் அதே தீயில பாஞ்சுட்டா. தீயில வெந்தவருக்கு எரிச்சல் அடங்கணும்னுதான் தண்ணி உள்ள இருக்கற தேங்கா. நம்ம ஆத்தாளுக்கு எளநீ ஊத்தறதும் அவங்க 'நாட்'-க்குத் தேங்கா கட்டறதும் ஒரே யோசனைதானே! பேச்சுலயும் அப்படித்தான், மனசு நிம்மதியா இருக்குன்னா பர்மியத்துல மனசு குளிர்ச்சியா இருக்குன்னுதான் வரும், சேய் ஏ. ஆக ஐஸ் வைக்கிறதை அவங்களுக்கு வெளக்கறது சுலபம். தமிழ்ல இது ஒருத்தரை வாயால புகழ்ந்து குளிப்பாட்டறதுக்கு மட்டும், கையால ஒண்ணும் குடுக்க வேண்டாம், புது சட்டை சூப்பரா இருக்கே சார்னு சொன்னா போதும், ஐஸ்.

தம்பி கேட்ட கடைசிக் கேள்விக்கும் இதோட வந்துட்டோம். தாஜாவுக்கு பர்மியத்துல சரியான ஜோடி இருக்கு, ச்சொ. குட்டையா, தொண்டையில வெட்டின மாதிரி சொல்லணும். அழற குழந்தையை ச்சொ பண்றது, கோவிச்சுக்கிட்ட காதலியை ச்சொ பண்றது, அடம் புடிக்கிற தாத்தாவை ச்சொ பண்றது, எல்லாத்துக்கும் வரும். தாலாட்டுக்கு அவங்க பேரே தா ச்சொ தே, புள்ளையை ச்சொ பண்ற பாட்டு. காக்கா புடிக்கிறதுக்கு ஜோடி வேற, பா. ப-வை நல்லா மூச்சு விட்டு இழுத்துச் சொன்னா தவளைக்கும் அதே சத்தம், அதே எழுத்து. ஆபீஸ்ல மேலதிகாரி பின்னாடியே சுத்தறவனை பர்மாக்காரப் பசங்க தவளையை வச்சுக் கிண்டல் பண்றது அதனாலதான். அவங்களுக்குத் தவளை, நமக்குக் காக்கா, ரெண்டு ஊர்லயும் பாவம் வாயில்லா ஜீவன்தான் மாட்டிக்கிச்சு. ஒங்க கூட்டாளிங்ககிட்ட தாஜான்னா ச்சொ, காக்கான்னா பான்னு சொல்லுங்க, ஒரு நிமிசத்துல புரிஞ்சுக்குவாங்க.

ஆனா ஒண்ணு, தமிழ் ஆளுங்க பர்மாக்காரங்களைத் தாஜா பண்ணப் போகும்போது ஒரு எடத்துல சறுக்குவாங்க. அவங்ககிட்ட அனாடேன்னு ஒண்ணு இருக்கு, அடுத்தவங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னு தன் கோவத்தையே வெளிய காட்டாம முழுங்கிடறது, மறுத்துப் பேச வாய் வராம நிக்கறது. நம்ம மாமா மாதிரி மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு ஊருக்கே சொல்ல மாட்டாங்க. சிரிச்ச மொகமாவே இருப்பாங்க, நாம எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனைச்சுக்குவோம். அங்க விழுந்து விழுந்து தாஜா பண்ணா அவங்களுக்கு இன்னும் கூச்சமாயிரும். கொஞ்சம் பழம் வாங்கிட்டுப் போயி வச்சுட்டு வேற பேச்சு பேசிட்டு வந்துருங்க, போதும்.

மிச்ச வார்த்தையெல்லாம் வேகமா சொல்லிடறேன். கூஜா தூக்கறதுன்னா பெரிய மனுசன் பிரயாணம் போகும்போது அவரு குடிக்கிற தண்ணிக் கூஜாவைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே போற எடுபுடி, காக்காவுக்கும் ஒரு படி கீழ. ஜால்ரா அடிக்கிறதுன்னா பஜனையில பாட்டுக்காரர் எந்தத் தாளம் போட்டாலும் அதுக்கே தட்டிக்கிட்டுப் போறது, அதாவது சொந்தமா ஒரு கருத்தும் இல்லாம ஆமாஞ்சாமி போடறது. சிலோன்காரங்க பந்தம் பிடிக்கிறதும்பாங்க, ராத்திரில தீவட்டி பிடிச்சுக்கிட்டு முன்னாடி நடக்கறவன். எழுத்துத் தமிழ்ல அடிவருடின்னு ஒரு வார்த்தை, காலைத் தடவி விடறவன், மேடையில திட்டறதுக்கு மட்டும் ஆகும். பைபிள்ல இச்சகம்னு வரும், அது ஆசை காட்டிப் பேசற பொய்ப் புகழ்ச்சி. சமாதானம் பண்றதுங்கறதை சாமமும் தானமும் சேர்ந்ததுன்னு சில பேரு பிரிச்சுக் காட்டுவாங்க, சாம தான பேத தண்டம்னு இருக்கே அந்தக் கணக்குல. அது சரி இல்ல, சமஸ்கிருதத்துல அது ஸம்-ஆ-தானம், செதறினதை ஒண்ணா சேர்த்து வைக்கிறதுன்னு அர்த்தம், குடுக்கற தானத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

பெரியவங்க முன்னாடி சொன்னா தப்பான்னு கேட்டீங்கல்ல. தாஜா கெட்ட வார்த்தை இல்ல, ஆனா அதைப் பண்ற ஆளுக்கு முன்னாடி சொல்லலாம், பண்ணப்படற ஆளுக்கு முன்னாடி சொல்லக் கூடாது. "மாமாவைத் தாஜா பண்ணத்தான் வந்தோம்"னு மாமா காதுல விழற மாதிரி சொன்னீங்கன்னா பண்ணின தாஜா அத்தனையும் வீண், மறுபடியும் தாம்பாளம் எடுக்கணும். காக்கா, கூஜா, ஜால்ரா மூணையும் பெரியவங்க முன்னாடி எடுக்கவே எடுக்காதீங்க, அதெல்லாம் ஆளில்லாத எடத்துல பேசறது. அரசியல் பேசறவங்க ஒரு நாட்டை இன்னொரு நாடு தாஜா பண்ணுதுன்னு எழுதுவாங்க, 1938ல ஹிட்லருக்கு செக்கோஸ்லோவாகியாவோட ஓரத்தை வெட்டிக் குடுத்து மியூனிக்ல கையெழுத்துப் போட்டாங்களே, அந்த மாதிரி, அங்க மட்டும் அந்த வார்த்தைக்குக் கொஞ்சம் கேவலமான வாடை வந்துருது.

எழுதும்போது தாஜான்னே எழுதுங்க, கிரந்தம் வேண்டாம்னு தாசான்னு எழுதினா ஒருத்தருக்கும் புரியாது, ஏதோ கோயில் தாசர்னு நெனைச்சுக்குவாங்க. பரீட்சைப் பேப்பர்ல, கடுதாசில போடணும்னா இணங்க வைத்தல், மனம் குளிரச் செய்தல், ரெண்டுல எடத்துக்குத் தகுந்த மாதிரி போடுங்க. ஒங்க பெரியம்மா சொல்றது மட்டும் மொதல் அர்த்தம்தான், அது யாரைப் பத்தின்னு நீங்க சொல்லல, பெரியப்பாவைப் பத்தின்னா நேரத்தோட போயிருங்க தம்பி.